தனி உலை

வாங்க மேடம், வாங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இல்ல, இப்படித் திரும்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காருங்க. நேத்துப் பேஞ்ச மழைக்குக் கண்மாய் பாதி நிறைஞ்சு கெடக்கு, தண்ணியில வெயில் பட்டு நேரா இங்கதான் அடிக்கும். கண்ணு கூசும். ம், இப்பச் சரி. தம்பி சேதுபாண்டி, மேடத்துக்கு ஒரு டீ சொல்லிட்டு, அப்படியே கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க. கூட யாரையாச்சும் கூட்டிக்கங்க.

அது எங் கொழுந்தன் மேடம். இந்தக் குழுக் கட்டடத்துக்குக் காவல், தண்ணி எடுத்து வைக்கிறது, கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுறது எல்லாம் அவருதான். நான் பூமயில். கொன்றையேந்தல் மகளிர் கூட்டமைப்புக்குத் தலைவி. நீங்க வர்றதுதான் ஒரு வாரமா ஊரே பேச்சு. மெட்ராஸ்லேர்ந்து ஒரு மேடம் வர்றாக, சுத்திப் பாத்துட்டு, 'ஆமா, இந்த ஊர்ல கடும் வறுமையே இல்ல, சைபர்தான்'னு எழுதிட்டா நமக்குப் பாலம் வருதுன்னு. ஆத்துல தண்ணி ஓடுனா நாங்க தீவு மேடம். போன மழைக்கு ஒரு புள்ளத்தாச்சியக் கட்டில்ல வச்சு நெஞ்சு மட்டும் தண்ணியில தூக்கிட்டுப் போனோம். அதனாலதான் வழியெல்லாம் உங்களுக்குக் கும்பிடு போட்டது. உங்க டிரைவருக்குக்கூட இளநி வெட்டிக் குடுத்தாக, பாத்தீகளா?

எப்படிச் செஞ்சோம்னா? அத நான் சொன்னாத்தான் சரியா இருக்கும், ஏன்னா செஞ்சதே நான்தான். பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைதான்.

பங்குனியில வந்தாரு சரவணப்பெருமாள் சார். திட்டத்து ஆளு, நல்ல மனுசன், வெத்தல மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. பிள்ளையார் கோயில் திடல்ல ஊரக் கூட்டி வச்சு, "அம்மா, கடும் வறுமைய ஒழிக்க முடியுமா முடியாதான்னு அளந்து பாக்கப் போறோம். பேச்சுக்கு இல்ல, நெசமாவே அளக்கப் போறோம். ஒரே ஒரு ஊர எடுத்து, ஐப்பசி மழைக்குள்ள ஒழிச்சுக் காட்டிட்டா ஜில்லாவுக்கே முடியும்னு அர்த்தம்"னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கிறத ஒரு மழைக்குள்ள எப்படி சார் ஒழிப்பீக, மருந்து அடிச்சான்னு கேட்டேன். கூட்டமே சிரிச்சுச்சு. அவரு கோவப்படல. "நீங்கதாம்மா சரியான ஆளு"ன்னு என்னையவே பொறுப்பாப் போட்டுட்டாரு.

கோலப்பொடி வாங்கிட்டு வந்து திடல்ல ஊரையே வரைஞ்சோம் மேடம். தெரு, கோயில், கண்மாய், குழாயடி, ஒவ்வொருத்தர் வீடும். யாரு வீடு எப்படின்னு அதிகாரி சொல்லக்கூடாது, ஊர்தான் சொல்லணும், அதான் முறை. வசதியான வீட்டு மேல நெல்லு வைக்கணும். நடுத்தரத்துக்குப் பருத்திக்கொட்டை. ஏழைக்குப் புளியங்கொட்டை. ஒண்ணுமே இல்லாத வீட்டுக்குக் கரித்துண்டு. கரிக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? வேலிக்கருவைய வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுறதுதான பாதிப் பேருக்குப் பொழப்பு. ஒவ்வொரு வீடாப் பேசிப் பேசி வச்சோம். ஒரே சண்டை. மெத்த வீட்டு ஐயாவே பின்னாடி நின்னுக்கிட்டு, "எனக்கு எதுக்கு நெல்லு? பருத்திக்கொட்டை வைங்க, நானும் கடன்காரன்தான்"ங்கிறாரு. மாடி வச்ச வீடு ஊர்ல அது ஒண்ணுதான், அதனால மெத்த வீடு. ராசலிங்கம் ஐயா. தங்கமான மனுசன், அவரப் பத்திப் பின்னாடி வர்றேன்.

கரித்துண்டு வச்ச வீட்டக் 'கரி வீடு'ன்னே புள்ளைக கூப்பிட ஆரம்பிச்சிருச்சுக. எனக்குப் பொறுக்கல, சத்தம் போட்டேன். ஆனா அன்னிக்கே எனக்கு ஒரு வெறி வந்துருச்சு மேடம். இந்தக் கரித்துண்டு அம்புட்டையும் இந்தத் திடல்லேர்ந்து பொறுக்கி எறியணும்னு.

உங்களுக்குப் பசி தெரியுமா? கோச்சுக்காதீக, சும்மா கேட்டேன். நான் தெரிஞ்சவ. புளியங்கொட்டைய வறுத்து ஊறப்போட்டுத் தின்னு வளந்தவ. எங்க ஆத்தா சில நாள் வெறும் பானையில தண்ணிய ஊத்தி அடுப்புல கொதிக்க விடும். பக்கத்து வீட்டுக்காரி புகையப் பாத்து, இவுக வீட்டுலயும் சோறு பொங்குறாகன்னு நெனைக்கணும்ல? அந்தத் தண்ணிதான் எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. அதனால என் கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். வேளாவேளைக்கு வயித்துக்குச் சோறு விழுந்தா அங்க வறுமை இல்ல. மிச்சம் எல்லாம் படிச்சவுக பேசிக்கிறது. உங்களச் சொல்லல.

உண்மையிலயே செஞ்சோம் மேடம். காது கேக்காத சங்கிலிக்குக் கறவை மாடு வாங்கிக் குடுத்தோம், இன்னிக்குக் காலையில நீங்க குடிச்ச காப்பி அவன் மாட்டுப் பால்தான். புருசன் விட்டுட்டுப் போன ஒருத்திக்குப் பெட்டிக்கடை. ஒரு பெரியவருக்கு முதியோர் பணம் நின்னு போய்க் கெடந்துச்சு. கல்லு ஒடைச்சுக் கை ரேகை தேஞ்சுபோச்சு, மெசின்ல வச்சா விழ மாட்டேங்குது. நானே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயி, கண்ணக் காட்டிப் பதிய வச்சு, பணத்த வர வச்சேன். அவரு என் கால்ல விழப் போனாரு. வைகாசி, ஆனி, ஆடின்னு கரித்துண்டு ஒவ்வொண்ணா எந்திரிச்சுச்சு. ஒவ்வொண்ணு எடுக்கும்போதும் திடல்ல கைதட்டு.

என்னது மேடம்? புகை வாடையா? எங்க? ஓ, அதுவா. நீங்க திரும்பாதீக, கழுத்து சுளுக்கிக்கும். அது கரிமூட்டம். மழைக்காலத்துல எவன் மூட்டம் போடுவான்னு நீங்க கேக்கலாம். போடுவாக. ஈரம் இருந்தா தீ நின்னு பிடிக்கும், கரி நல்லா இறங்கும்பாக. எனக்கு அந்தத் தொழில் அம்புட்டாத் தெரியாது. டீய இன்னும் காணோமே. நான் சொல்லிக்கிட்டு இருந்தத விட்டுட்டேன் பாருங்க.

கடைசியா ஒரே ஒரு கரித்துண்டு நின்னுபோச்சு. வெள்ளத்தாயி. கண்மாய்க்கரையில குடிசை. புருசன் கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு செத்துப்போனான். ஒரே மக, அனுசுயா, பத்தாவது படிச்சுச்சு. வெள்ளத்தாயி எனக்கு ஆகாதவ இல்ல மேடம். ரெண்டு பேரும் ஒரே குழு. கூட்டத்துல எம் பக்கத்துலதான் உக்காருவா. மத்தவ எல்லாம் லோனப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும்போது எனக்குப் பேன் பாத்து விடுவா. அவ மேல எனக்குப் பிரியம் உண்டு, இப்பவும் உண்டு.

ஆனா அவளுக்கு என்ன செஞ்சாலும் ஏறல. ஆடு வாங்கிக் குடுத்தோம், மகளுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு, ஆட்ட வித்துட்டா. தையல் மெசின் குடுத்தோம், கோடை மழையில குடிசைக்குள்ள தண்ணி ஏறித் துருப் பிடிச்சுருச்சு. வீடு கட்டிக் குடுப்போம்னா கண்மாய்க்கரை பொறம்போக்கு, பட்டா கெடையாது. பட்டா இல்லேன்னா வீடு இல்ல, வீடு இல்லேன்னா மழை வந்தா பூராம் போகுது. சுத்திச் சுத்தி அதே எடத்துல வந்து நிக்குது. ஆவணி பொறந்துருச்சு. சாரு வெத்தலைய மென்னுக்கிட்டே, "ஒண்ணுதாம்மா பாக்கி. ஆனா ஒண்ணு இருந்தாலும் சைபர் ஆகாதே"ங்கிறாரு. ஊர்ல எல்லாரும் அவள ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சுட்டாக. என்னமோ வரப்போற பாலத்துக்குக் குறுக்க அவ படுத்துக் கெடக்குற மாதிரி. குழாயடியில அவ குடத்த நகத்திட்டுப் புடிக்கிறது, கடையில அவ நீட்டுன கையப் பாக்காத மாதிரி இருக்கிறது. நான் கண்டா வைவேன். ஆனா நான் எம்புட்டு நேரந்தான் குழாயடியிலயே நிக்க முடியும்?

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. பயிற்சியில ஒண்ணு சொல்லிக் குடுத்தாக மேடம், உங்களுக்கும் தெரியும். ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவுக ஒரு குடும்பம். தனி உலை வச்சா தனிக் குடும்பம். இது எங்களுக்குப் புதுசா? வீடு கட்டப் பணம் வருதுன்னா அப்பனும் மகனும் ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பப் போட்டு அதிகாரிக்குக் காட்டுவாக. அவரு வண்டி தெரு முக்கு திரும்புறதுக்குள்ள ஒண்ணா உக்காந்து திம்பாக. அடுப்பு கூடுனா குடும்பம் கூடுதுல்ல? அப்ப அடுப்பக் கொறைச்சா?

சார்ட்ட சொன்னேன். அவரு மெல்லுறத நிப்பாட்டிட்டாரு. அப்புறம் வெளிய போய்த் துப்பிட்டு வந்து, "அம்மா, நீங்க ஐ.ஏ.எஸ். படிச்சிருக்கணும்"னாரு.

மெத்த வீட்டம்மா வாதம் வந்து மாடியில படுத்த படுக்கை. ஐயாவுக்கு வீட்டோட இருக்க ஆள் வேணும், ஒருத்தரும் நிக்க மாட்டேங்குறாக. நான் போய்ப் பேசுனேன். தாயும் மகளும் அங்க போயி இருக்கட்டும், மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு எடம், அந்த வீட்டு அடுப்புலயே சோறு. சம்பளமா? நீங்க என்ன மேடம், குடும்பத்து ஆளுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாகளா? ஐயா அப்படித்தான் சொன்னாரு. திடல்ல ஊரு முன்னாடி நின்னு, "இன்னிலேர்ந்து இவுக எங் குடும்பம்"னு சொன்னாரு. ரேசன் கார்டுலயே பேரச் சேத்துட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எந்த ஊர்ல எந்தப் பணக்காரன் இப்படிச் சொல்லுவான்?

வெள்ளத்தாயி அடுப்ப நான்தான் ஒடைச்சேன். சும்மா ஒடைக்கல. மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடம் காட்டி, 'வறுமையே, இந்த ஊர விட்டுப் போயிரு'ன்னு சொல்லிக் கடப்பாரையால ஒரு குத்து. மண் அடுப்புதான, பொலபொலன்னு உதுந்துருச்சு. பொம்பளைக எல்லாம் குலவை போட்டாக. பேப்பர்ல படம் வந்துச்சு, அந்தா, செவுத்துல மாட்டியிருக்கு பாருங்க. கடப்பாரையோட நிக்கிறது நான். பக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, அதான் அவ. போட்டோக்காரரு சிரிம்மா சிரிம்மான்னு கெஞ்சுறாரு, அவ கீழ கெடக்குற மண்ணையே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கு எதுலயும் சட்டுன்னு சந்தோசம் வராது, அப்படி ஒரு சுபாவம்.

டீ வந்துருச்சு. அங்கயே வச்சுட்டுப் போப்பா. குடிங்க மேடம், சீனி பத்தலேன்னா சொல்லுங்க.

அதோட விட்டாகளா? இந்த யோசனையப் பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கணும்னு சாரு என்னைய ஜீப்புல கூட்டிட்டுப் போனாரு. நான் மைக் புடிச்சுப் பேசுனேன். எங்கெங்க வசதியான வீடு இருக்கு, எங்கெங்க ஆள் தேவை இருக்கு, அங்கங்க கொண்டுபோய்ச் சேத்துருங்கன்னேன். இப்ப அங்கயும் மளமளன்னு கொறையுதாம். சாரு போன்ல சொன்னாரு, ஜில்லாவுக்கே முடியும் போல இருக்கும்மான்னு. முடியுமா முடியாதான்னு அளக்க வந்தவுகளுக்கு ஒரு குழுக்காரி வழி சொல்லியிருக்கா, யோசிச்சுப் பாருங்க.

மேடம், ஏன் எந்திரிக்கிறீக? கரிமூட்டத்தப் பாத்ததே இல்லையா? அங்க எல்லாம் இப்பப் போக முடியாது, கரை பூராம் சகதி, வழுக்கும். பாம்பு வேற ஏறிக் கெடக்கும்.

என்ன? வர்ற வழியில பாத்தீகளா? மடியில கல்லக் கட்டிக்கிட்டு ஒரு பொம்பள வண்டிக்கு முன்னாடி வந்து நின்னாளா? டிரைவரு ஓரமா ஒதுக்கி ஓட்டிட்டாராக்கும். ம்.

சரி. நான் மறைக்கல. மறைக்க என்ன இருக்கு? அவதான். வெள்ளத்தாயிதான். உக்காருங்க, ஒரு நிமிசம் உக்காருங்க, முழுசாக் கேட்டுட்டுப் போங்க. நீங்களும் ஒரு பொம்பள, கேட்டா நீங்களே என் பக்கந்தான் பேசுவீக.

போன மாசம் எங்கிட்ட வந்தா. வாசல்லயே நின்னா. உள்ள வாடின்னா வரல.

"அக்கா, நான் தனி உலை வச்சுக்கிறேன்"னா.

"எதுக்குடி? அங்க சோத்துக்குக் கொறையா?"ன்னேன்.

"சோறு வேணாம்க்கா. எம் புள்ளையக் கீழ அனுப்பச் சொல்லு."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் சொல்றா. அனுசுயாவ மாடியில வச்சிருக்காகளாம், மெத்த வீட்டம்மாவப் பாத்துக்கிறதுக்கு. படிக்கட்டுக் கதவு பூட்டியே இருக்காம். இவ கொல்லையில நின்னு கூப்பிட்டா ஜன்னல்ல வந்து நிக்கிறாளாம், பேச மாட்டேங்குறாளாம். போ, போன்னு கைய மட்டும் காட்டுறாளாம். இதுக்கா இம்புட்டு அழுகை? அந்த மாடியில ஃபேன் இருக்கு மேடம். தரையில வழுவழுன்னு கல்லு. கண்மாய்க்கரையில கொசுக்கடியில கெடந்த புள்ளைக்கு இது கொடுப்பினை இல்லையா?

இருந்தாலும் போய்க் கேட்டேன். எனக்குப் பொறுப்பு இருக்குல்ல? ஐயா பொறுமையா உக்கார வச்சு மோர் குடுத்துச் சொன்னாரு. "வயசுப் பொண்ணு பூமயிலு. நம்ம குடும்பத்துப் பொண்ணு கண்ட எடத்துல திரிஞ்சா நமக்குத்தான கேவலம்? அதான் பூட்டு"ன்னாரு. அதுல என்ன தப்பு? பள்ளிக்கூடம் நின்னுபோச்சுதான். நான் கேட்டேன், அதையும் கேட்டேன். அடுத்த வருசம் பாப்போம்னாரு. திரும்பி வரும்போது நானே அண்ணாந்து பாத்தேன், ஜன்னல்ல நின்னுச்சு. முடியெல்லாம் ஒட்ட வெட்டியிருந்துச்சு. பேனுக்காக இருக்கும், ஆத்தாகாரி ஊருக்குப் பேன் பாப்பா, மக தலையில விட்டுட்டா பாருங்க. நான் கைய ஆட்டுனேன். அது ஆட்டல. என்னையப் பாத்துக்கிட்டே நின்னுச்சு, கண்ணச் சிமிட்டாம. முன்னாடி வாயாடிப் புள்ள, இப்ப அடக்கம் வந்துருச்சு. வெள்ளத்தாயிட்ட வந்து அதத்தான் சொன்னேன், மக நல்லா இருக்காடி, அமைதியா இருக்கான்னு. அவ எம் மூஞ்சியப் பாத்த பார்வை இருக்கே. என்னமோ நான் அவ குடியக் கெடுத்த மாதிரி. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு மேடம். இவளுக்காக நான் நாயா அலைஞ்சிருக்கேன்.

இன்னிக்குக் காலையில குழாயடியில புடிச்சுக்கிட்டா. "அக்கா, இன்னிக்கு உலை வைக்கப் போறேன்"னா. எங்கடின்னேன். "எங் குடிசை இருந்த எடத்துலதான். மூணு கல்லு போதும். மெட்ராஸ் மேடம் அடுப்பப் பாத்தா வருவாக. உன் வீட்டுல எத்தனை பேருன்னு கேப்பாக. நானும் எம் மகளும்னு சொல்லுவேன். மக எங்கன்னு கேப்பாகள்ல? கேட்டா ஐயா இறக்கி விட்டுத்தான ஆகணும்?" இந்த அறிவு எங்கிருந்து வந்துச்சுங்கிறீக? நான் நடத்துன கூட்டத்துல உக்காந்து கேட்டதுதான். நான் சொல்லிக் குடுத்ததத்தான் எனக்கே திருப்பிச் சொல்றா.

நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன் மேடம். நெசமா. "அடியே, பாலம்டி. ஊரே எதிர்பாத்துக் கெடக்கு. இன்னிக்கு மட்டும் வேணாம். நாளைக்கு வையி, நானே அரிசி தர்றேன்"னேன்.

அதுக்கு அவ, "நாளைக்கு யாருக்கா வருவாக?"ன்னா. குடத்தக்கூட எடுக்காமப் போயிட்டா.

நான் மெத்த வீட்டுல போய்ச் சொன்னேன். சொல்லணும்ல? அவுக வீட்டு ஆளு தெருவுல அடுப்பு மூட்டுதுன்னா அவுகளுக்குத்தான அவமானம்? ஐயா ஒண்ணும் கோவப்படல. சட்டையப் போட்டுக்கிட்டே, "சரி, நீ போய் மேடத்தக் கவனி. நான் பாத்துக்கிறேன்"னாரு. அம்புட்டுதான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. வேளைக்குச் சோறு இருக்கு, கூரை இருக்கு, ஒரு பெரிய வீட்டுக் கார்டுல பேரு இருக்கு. இவ கடும் வறுமையா? மூணு கல்ல வச்சுட்டா வறுமை ஆயிருமா? அதுக்காகப் புள்ளத்தாச்சிகள நாங்க இன்னமும் கட்டில்ல தூக்கணுமா?

மேடம், டீய அப்படியே வச்சுட்டுப் போறீகளே. வாசல்ல நிக்காதீக, வெயிலு. உங்க டிரைவரு சாப்பிடப் போயிருக்காரு, கூட்டிட்டுப் போயிருக்காக, வர நேரமாகும். நடந்தா? நடந்து போற தூரம் இல்ல மேடம், சுத்து. குறுக்க போனா முள்ளு.

கூப்பிடாதீக மேடம். நீங்க இங்கேர்ந்து கத்துனா அங்க கேக்காது.

அந்தா, புகை போகுது பாத்தீகளா? மெலிஞ்சுருச்சு. நான் சொல்லல? பச்ச விறகு, ஈர மண்ணு, எம்புட்டு நேரம் எரியும்? நின்னே போச்சு. நான் எதுக்குச் சொல்றேன்னா, இதெல்லாம் தன்னால அடங்கிரும், நாமதான் பெருசு பண்ணக்கூடாது.

வந்துட்டாரு பாருங்க சேதுபாண்டி. என்ன தம்பி, முழங்கால் வரைக்கும் சகதி? கையில என்ன பானை? அதை ஏன் இங்க தூக்கிட்டு வந்தீக? சரி, துண்டோட கீழ வைங்க, சுடப் போகுது. உலை கொதிச்சிருச்சா? அரிசி பாதிதான் வெந்திருக்கு. பாவம், எங்க போய் வாங்குனாளோ. கோழிக்குப் போடலாம்.

அவ எங்க? சும்மா சொல்லுங்க, மேடமும் கேக்கட்டும்.

கேட்டீகளா மேடம்? ஐயாவே நேர்ல வந்து வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாராம். அவளையும் மேலயே விட்டுட்டாராம், மகளோட. இனிமே ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும்னு சொல்லிட்டாராம். எங் கண்ணே கலங்குது. மகள மகளன்னு அழுதாளே, சேத்து வச்சுட்டாருல்ல? படிக்கட்டுக் கதவா? அது பூட்டாம இருக்குமா, மெத்த வீட்டம்மாவுக்கு ஓய்வு வேணும்ல. தம்பி, உங்க கையில என்ன கீறல்? மஞ்சள் வைங்க. பொம்பள நகம் பட்டா சீக்கிரம் ஆறாது.

வாங்க மேடம், இப்பப் போவோம். இனிமே எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன். கண்மாய்க்கரைக்கே போவோம், மெதுவா என் கையப் புடிச்சுக்கிட்டு வாங்க. ஒவ்வொரு தெருவா நுழைஞ்சு பாருங்க, ஒவ்வொரு அடுப்பா எட்டிப் பாருங்க, யார்கிட்ட வேணாலும் கேளுங்க.

மெத்த வீட்டுக்கா? அங்க எதுக்கு மேடம்? அது வசதியான வீடு. நீங்க ஏழைகளத்தான அளக்க வந்திருக்கீக?